மண்ணுக்குக் கீழே ஒன்றரை அடி: இரண்டு மரக்கம்பங்களைச் சோதித்த அனுபவம்

பெர்த் நகரத்துக்குக் கிழக்கே, டார்லிங் மலைத்தொடரின் சரிவில், ஐந்து ஏக்கர் நிலத்தோடு கூடிய பழைய வீடொன்றை 2016-இல் வாங்கியபோது, அந்த நிலத்துக்குள் நின்ற இரண்டு மின்கம்பங்களும் எங்களுக்கே சொந்தம் என்பது எனக்குத் தெரியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் தெருவில் நிற்கும் கம்பங்களை மின்வலையமைப்பை நடத்தும் நிறுவனம் பராமரிக்கும். அங்கிருந்து வரும் சர்வீஸ் வயர் நம் நிலத்துக்குள் எந்தக் கம்பத்தில் வந்து சேர்கிறதோ, அந்தக் கம்பமும் அதற்கு அப்பால் உள்ளவையும் நிலத்தின் உரிமையாளருடைய பொறுப்பு. தென்காசிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு மின்கம்பம் என்றாலே சிமெண்ட் கம்பம்தான். மரத்தில் செய்த கம்பமும் வீட்டின் கூரையைப் போலவே கவனிப்பு தேவைப்படும் ஒரு பொருள் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அதைப் புரியவைத்தது எங்கள் பகுதியில் இன்றும் பேசப்படும் பார்க்கர்வில் தீ. 2014 ஜனவரி 12 அன்று, தனியார் நிலத்தில் நின்ற ஒரு ஜாரா மரக்கம்பம் விழுந்து, அதிலிருந்து எழுந்த தீயில் 57 வீடுகள் எரிந்தன. அந்தக் கம்பம் தரைமட்டத்துக்குக் கீழே பூஞ்சையாலும் கரையானாலும் அரிக்கப்பட்டிருந்தது. வெளியே தெரிந்த பகுதி கம்பீரமாகவே நின்றது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் 2022 டிசம்பரில் முடிந்தது. மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவருக்கு அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பில் கடமை உண்டு என்று அங்கே முடிவானது. ஆனால் என் மனத்தில் தங்கியது அந்த வழக்கின் இன்னொரு செய்தி: கம்பத்தின் உரிமையாளரும் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருந்தது.

எங்கள் கம்பங்களை 2019-இல் ஒருவர் வந்து பார்த்துச் சென்றிருந்தார். சுத்தியலால் நான்கைந்து இடங்களில் தட்டினார், மேலே அண்ணாந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மண்ணைத் தொடவே இல்லை. அப்போது எனக்கு அது குறையாகப் படவில்லை. ஊரில் தச்சு வேலை செய்து ஓய்ந்திருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோதுதான் அவர் கேட்டார்: "ஏலே, மண்ணு தொடுத இடத்தப் பாத்தாங்களா? மேல எவ்வளவு வைரமா இருந்தாலும் தூணு அங்கதாம்ல உளுத்துப் போவும்." அவர் சொன்னதைத்தான், வேறு சொற்களில், மின்கம்பப் பராமரிப்பு பற்றிய கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான சூடும் ஒருசேர வேண்டும். தரைக்கு மேலே மரம் காய்ந்துவிடுகிறது. ஒரு மீட்டருக்குக் கீழே ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் வரை உள்ள மண்ணில்தான் மூன்றும் கூடிவருகின்றன. காற்று கம்பியை உலுக்கும்போது கம்பத்தின் மீது மிக அதிகமான வளைவு விசை விழுவதும் அதே இடத்தில்தான்.

நானே தோண்டிப் பார்க்க முடிவு செய்து, செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது; கோடையில் எங்கள் செம்பொறைச் சரளை மண் கடப்பாரையையே திருப்பி அடிக்கும். மழை ஓய்ந்த உடனே தோண்டினால் மண் இளகியிருக்கும், மரத்தின் ஈரமும் உண்மை நிலையைக் காட்டும், தீப்பருவம் தொடங்குவதற்குள் பழுதைச் சரிசெய்யவும் நாள் கிடைக்கும்.

தொடங்குமுன் சில எல்லைகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் கம்பத்தின் உச்சியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஏணி எதையும் கம்பத்தில் சாய்ப்பதில்லை, ஏறுவதில்லை, மேற்பகுதியைத் தரையில் நின்று தொலைநோக்கியால் மட்டுமே பார்ப்பது. உளுத்திருக்கலாம் என்று சந்தேகப்படும் கம்பத்தில் ஏணி சாய்ப்பதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. கம்பத்தைச் சுற்றிலும் ஒரே நேரத்தில் தோண்டுவதில்லை. ஒரு பக்கம் தோண்டி, பார்த்து, மண்ணை நிரப்பி இறுக்கிய பிறகே அடுத்த பக்கம். கம்பம் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் தோண்டுவதே கூடாது. நிலத்தடிக் கேபிள்களின் வரைபடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். முதல் கம்பத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் கேபிள் ஆரஞ்சு நிறக் குழாய்க்குள் கம்பத்தின் மேற்குப் பக்கமாக இறங்குவதால், அந்தப் பக்கம் கடப்பாரையைத் தொடாமல் கொத்துக்கரண்டியால் மட்டும் மண்ணை எடுத்தேன். மரத்தைத் துளைத்துப் பார்க்கும் வேலையை உரிமம் பெற்ற மின்கம்பச் சோதகர் ஒருவரிடம் விட்டேன். தோண்டுவதும் சுரண்டுவதும் அளப்பதும் என் பங்கு.

முதல் கம்பம் ஜாரா. ஜாரா என்பது இந்த மாநிலத்துக்கே உரிய, செந்நிறமான, கனத்த மரம். கரையானையும் பூஞ்சையையும் நன்றாகவே எதிர்த்து நிற்கும் என்று பெயர் பெற்றது. கம்பத்தில் அடித்திருந்த தகட்டில் நீளம் 8 மீட்டர் என்று இருந்தது. நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 0.6 மீட்டரும் மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி, ஆகவே 1.4 மீட்டர் உள்ளே, 6.6 மீட்டர் வெளியே. வெளியே இருந்த பகுதியை அளந்தபோது 6.4 மீட்டர்தான் வந்தது. கம்பம் இறங்கிவிட்டதோ என்று முதலில் அஞ்சினேன். காரணம் வேறு: முன்னிருந்தவர்கள் பூச்செடிக்காகக் கம்பத்தைச் சுற்றி மண்ணும் மரப்பட்டைத் தூளும் கொட்டி, தரையை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தார்கள். நானும் இரண்டு கோடைகளில் அதன் மேல் மரப்பட்டைத் தூளைச் சேர்த்திருக்கிறேன். அந்த மூடாக்கு ஈரத்தைத் தேக்கி வைத்தது, கரையான் வெளிச்சம் படாமல் ஏறுவதற்கு மறைவழியும் கொடுத்தது, உண்மையான தரைமட்டம் எது என்பதையும் மறைத்தது. 2019-இல் தட்டிப் பார்த்தவர் தட்டியது இந்தப் பொய்த் தரைக்கு மேலே.

தொலைநோக்கியில் உச்சியைப் பார்த்தேன். துத்தநாகத் தொப்பி இருந்தது. அது இல்லையென்றால் மழை கம்பத்தின் வெட்டுமுகம் வழியே நேராக உள்ளே இறங்கும். கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் விரிசல் இல்லை. கம்பி பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றிக் கறுத்த கோடு மட்டும் தெரிந்தது. நெடுக்கில் பல வெடிப்புகள் இருந்தன. காயும்போது மரம் வெடிப்பது இயல்பு, அவை நெடுக்காகவே ஓடும்வரை வலுவை அதிகம் குறைப்பதில்லை.

பிறகு சுத்தியல். தரையிலிருந்து தொடங்கி, கம்பத்தைச் சுற்றிச் சுற்றி, கை எட்டும் உயரம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனேன். திடமான மரம் சுத்தியலைத் துள்ளவைத்துக் கணீரென்று ஒலிக்கும். கோறையான மரம் அடியை விழுங்கிக்கொண்டு மந்தமாகப் பதில் சொல்லும். சந்தையில் அப்பா தேக்குக் கட்டைகளை விரல் மடித்துத் தட்டிப் பார்த்து ஒதுக்கியதும் இதே காதால்தான். எங்கள் கம்பம் மார்பு உயரத்தில் நன்றாக ஒலித்தது. முழங்காலுக்குக் கீழே ஒலி சற்றுத் தணிந்தது, ஆனால் சந்தேகப்படும் அளவுக்கு இல்லை. ஈரமான மரம் எப்படியும் மந்தமாகத்தான் ஒலிக்கும்; வெளி ஓடு தடித்திருந்தால் உள்ளே பெரிய குழி இருந்தாலும் ஒலி அதைக் காட்டிக்கொடுக்காது. சுத்தியல் கெட்டது என்று சொன்னால் நம்பலாம். நல்லது என்று சொன்னால் அதை மட்டும் வைத்து நம்பக் கூடாது.

மூடாக்கை முழுவதும் அகற்றிப் பழைய தரைமட்டத்தைக் கண்டுபிடித்த பின், தெற்குப் பக்கத்திலிருந்து தோண்டினேன். தென்கோளத்தில் நிழல் விழும் பக்கம் அதுதான், ஈரம் நெடுநாள் நிற்கும். ஓர் அடி அகலம், 450 மில்லிமீட்டர் ஆழம். மண் ஒட்டியிருந்த மரத்தை இரும்புப் பிரஷால் தேய்த்தபோது முதலில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 100 மில்லிமீட்டருக்குக் கீழே மொட்டைத் திருப்புளியின் முனையை அழுத்தியதும், ஈரக் கருப்பட்டிக்குள் இறங்குவது போல அது உள்ளே போனது. அந்தப் பகுதியின் மேற்பரப்பு காய்ந்தபோது சின்னச் சின்னச் சதுரங்களாக வெடித்தது. உளியால் நல்ல மரம் வரும்வரை சுரண்டினேன். தெற்கில் 25 மில்லிமீட்டர் வரை சுரண்ட வேண்டியிருந்தது. மற்றப் பக்கங்களில் எட்டு முதல் பதினைந்து. கிழக்குப் பக்கத்து வெடிப்பு ஒன்றில் மண்ணால் கட்டிய மெல்லிய தடம் தெரிந்தது. அதைக் கிளறவில்லை. உயிருள்ள கரையான் தடத்தைக் கலைத்தால் அவை பின்வாங்கி வேறு வழி தேடிக்கொள்ளும். மருந்து வைப்பவருக்கு உயிரோடிருக்கும் தடம் தேவை.

இனி அளவு. தரைக்கு மேலே கம்பத்தின் சுற்றளவு 785 மில்லிமீட்டர், அதாவது விட்டம் 250. சுரண்டி முடித்த பகுதியில் சுற்றளவு 690, விட்டம் ஏறத்தாழ 220. சராசரியாகச் சுற்றிலும் 15 மில்லிமீட்டர் மட்டுமே போயிருக்கிறது. ஒரு விரல் அகலம். இது பெரிய இழப்பா என்று தோன்றும். உருண்டைக் கம்பம் வளைவைத் தாங்கும் வலு அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 220-ஐ 250-ஆல் வகுத்து, வந்ததை மூன்று முறை பெருக்கினால் 0.68 வருகிறது. விரல் அகலம் போனதில் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

நடுவில் குழி விழுவது இவ்வளவு கேடு செய்வதில்லை. பனையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனையின் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே இருப்பது வெறும் சோறு. சோற்றை நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் கைமரமாகச் செதுக்கித்தான் ஓட்டுக் கூரையைத் தாங்கவைக்கிறோம். எந்த மரக்கம்பமாக இருந்தாலும் வளையும்போது சுமையைத் தாங்குவது வெளி ஓடுதான். 220 மில்லிமீட்டர் கம்பத்தின் நடுவில் 120 மில்லிமீட்டர் குழி இருந்தாலும் வலுவில் குறைவது ஒன்பது சதவீதம் அளவே. ஆனால் பார்வைக்கு நேர்மாறாக இருக்கிறது: நடுவில் குழி என்றால் எல்லோரும் பதறுகிறோம், வெளித்தோல் மெலிந்ததை யாரும் கவனிப்பதில்லை. அந்த வெளித்தோல் மெலிவதோ மண்ணுக்கு அடியில். கம்பத்தைச் சோதித்தேன் என்று ஒருவர் சொன்னால் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, தோண்டினீர்களா என்பதுதான்.

இரண்டு வாரம் கழித்துச் சோதகர் வந்தார். தரைமட்டத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், கீழ்நோக்கிச் சாய்வாக, இரண்டு துளைகள் போட்டார். முதலில் வந்த தூள் சிவந்து, மொறுமொறுப்பான சுருள்களாக வந்தது. பிறகு டிரில்லிங் மெஷின் திடீரென்று எதிர்ப்பின்றி உள்ளே பாய்ந்தது. முனை வளைந்த அளவுகோலை உள்ளே விட்டு ஓட்டின் தடிமனைப் பார்த்தார்: இரு பக்கமும் சுமார் 50 மில்லிமீட்டர். நடுவில் 120 மில்லிமீட்டர் வெற்றிடம், கரையான் மண்ணின் எச்சத்தோடு. வெளி இழப்பையும் உள் இழப்பையும் சேர்த்தால் மீதி வலு ஏறத்தாழ 62 சதவீதம். அமெரிக்காவின் தேசிய மின்பாதுகாப்பு விதிகளில், கம்பம் நடும்போது இருக்க வேண்டிய வலுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்தால் அதை மாற்ற வேண்டும் அல்லது வலுப்படுத்த வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. இங்கே அவர் கம்பியின் இழுவையையும் காற்றையும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டார், முடிவு அதேதான். பக்கத்தில் எஃகுத் துண்டை மண்ணுக்குள் அடித்துக் கம்பத்தோடு பிணைத்து வலுப்படுத்தும் முறை உண்டு. கரையான் உயிரோடு இருப்பதாலும், கம்பி அந்த இடத்தில் திசை திரும்புவதாலும், துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பத்துக்கு மாறுவதே சரி என்றார். நான் தயங்கவில்லை.

இரண்டாவது கம்பம், கொட்டகைக்குக் கம்பியைக் கொண்டுசெல்வது, வேறு கதை. அது மருந்தேற்றிய பைன். இலேசான பச்சை நிறம். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த அந்த மருந்தை 1933-இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம். உலகமெங்கும் கோடிக்கணக்கான கம்பங்களும் வேலிக்கால்களும் அந்த மருந்தால்தான் மண்ணில் நிலைத்தன என்பதை நம்மில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மருந்து வெளிமரத்துக்குள்தான் நன்றாக ஏறும், நடுவைரத்தைத் தொடாது. அதனால் இந்தக் கம்பங்களில் வெளித்தோல் நலமாக இருக்க, ஆழமான வெடிப்பு வழியே நுழையும் பூஞ்சை நடுவை உண்பதுண்டு.

இதைத் தோண்டியபோது மரம் உறுதியாக இருந்தது. திருப்புளி முனை எங்கும் இறங்கவில்லை. சுற்றளவு மேலே 720, மண்ணுக்குள் 715. துளைத்தபோது வெளிர்நிறச் சுருள்கள் இறுதிவரை வந்தன. ஆர்செனிக் கலந்த தூள் என்பதால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கீழே விரித்த தாளோடு அள்ளி எடுத்தோம். இதைத் தப்பித் தவறியும் எரிக்கக் கூடாது. மண்ணோடு சேரும் இடத்தில் 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெடிப்பு இருந்ததால், முன்னெச்சரிக்கையாகச் சோதகர் மூன்று துளைகளில் போரான் குச்சிகளை இறக்கி, அடைப்பான் வைத்து மூடினார். கண்ணாடி போன்ற அந்தக் குச்சிகள் மரம் காய்ந்திருக்கும்வரை அப்படியே கிடக்கும். ஈரம் ஏறும்போது கரைந்து, அந்த ஈரத்தோடே மரத்துக்குள் பரவும். எங்கே ஆபத்து தொடங்குகிறதோ அங்கே தானாகப் போய்ச் சேரும் மருந்து. மண்ணின் ஈரத்தில் போரான் வெளியே கசிந்துவிடும் என்பதால், வெளிப்புறத்தில் மருந்துப் பசை பூசிய பட்டையைத் தரைக்குச் சற்று மேலிருந்து 450 மில்லிமீட்டர் ஆழம் வரை சுற்றினோம். ஊரில் வேலிக்காலின் அடியை நெருப்பில் கருக்கியோ தார் பூசியோ நடுவோம். அவை தோலோடு நின்றுவிடும், உள்ளே போவதில்லை.

கம்பத்தைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு விடலாமே என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டார். மரக்கம்பத்துக்கு அதைப் போலக் கேடு வேறில்லை. காய்ந்து சுருங்கும் மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கிக் கிண்ணத்தில் நிற்பது போல நிற்கும், அடுத்த முறை தோண்டிப் பார்க்கவும் முடியாது. எடுத்த மண்ணையே அரை அடிக்கு ஒரு முறை இடித்து நிரப்பி, நீர் விலகி ஓடும்படி கம்பத்தடியைச் சற்றே மேடாக்கினேன். தெளிப்பான் ஒன்றை இடம் மாற்றினேன். கம்பத்தைச் சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்குப் புல்லையும் சருகையும் அகற்றினேன். இந்த மருந்தேற்றிய கம்பத்தில் புல்தீ பட்டால், சுவாலை போன பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருந்து கம்பத்தையே சாய்த்துவிடும்.

கரையான் மருந்து வைப்பவர் முதல் கம்பத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து, வேலியோரத்துப் பழைய அடிக்கட்டை ஒன்றில் புற்றைக் கண்டுபிடித்தார். அதை அழித்த பிறகே கம்பம் மாற்றும் வேலை தொடங்கியது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் மின்வலையமைப்பு நிறுவனம் இணைப்பைத் துண்டித்துக் கொடுக்க, ஒரே பகலில் பழைய கம்பம் கிரேனில் தூக்கப்பட்டு எஃகுக் கம்பம் நின்றது.

பழைய கம்பத்தைத் துண்டிக்கும்போது, தரைக்கு 300 மில்லிமீட்டர் கீழே ஒரு குறுக்கு வெட்டு போட்டுத் தரும்படி கேட்டு வாங்கினேன். குழி வட்டமாக இல்லை. வடக்கு நோக்கி நீண்டிருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் சோதகர் அளந்த 50 மில்லிமீட்டர் சரியாகவே இருந்தது. வடக்கில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, ஓடு 18 மில்லிமீட்டர்தான். தெருவிலிருந்து வரும் கம்பி கம்பத்தை இழுத்துக்கொண்டிருந்ததும் அதே வடக்கு–தெற்குத் திசையில்தான். நாங்கள் கணக்கிட்ட 62 சதவீதம் அங்கே இருக்கவே இல்லை. வெட்டுமுகத்தை அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த முறை இரண்டாவது கம்பத்தில், கம்பி இழுக்கும் திசையில் ஒன்று உட்பட, மூன்று திசைகளில், ஒரே மட்டத்தில் விழாதபடி சற்று மேலும் கீழுமாக, மூன்று துளைகள் போடுவதென்று பேசி முடிவு செய்தோம். அந்தக் கம்பத்தின் தகட்டுக்குக் கீழே, தோண்டிய மாதத்தையும் 715 என்ற சுற்றளவையும் பொறித்த சிறு அலுமினியத் தகடு ஒன்றை அடித்து வைத்திருக்கிறேன்.